போலீஸாரும் சட்டக் காப்பும்

பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூரையும் கொழிஞ்சாம்பாறையையும் கடந்து சென்றால் எருத்தேன்பதி என்னும் ஊரை அடையலாம். கேரள மாநிலத்தைச் சேர்ந்ததாயினும், அவ்வூரில் வீட்டிலும் வயலிலும் பெரிதும் ஒலிப்பது தமிழே. மலையாள நாட்டுக்குப் பெயர் பெற்ற மழை இப்பக்கம் அவ்வளவாக எட்டுவதில்லை. தென்னையும் நிலக்கடலையும் விளையும் மேட்டு நிலம். அரசாங்க விதைப் பண்ணை ஒன்றும் உண்டு. சிறிது தொலைவு கிழக்கே போனால் கோயமுத்தூர் மாவட்டம் வந்துவிடும்.

1949 ஆம் ஆண்டு வரையில் இப்பகுதி கொச்சி சமஸ்தானத்தின் சித்தூர்த் தாலுகாவில் அடங்கியிருந்தது. அத்தாலுகா கொச்சியின் மற்றப் பகுதிகளோடு ஒட்டாமல், மலபாரும் கோயமுத்தூரும் சூழ நடுவே தனித்துக் கிடந்தது. மலபாரும் கோயமுத்தூரும் சென்னை மாகாணத்தின் ஜில்லாக்கள். ஆகவே இங்குள்ள குடியானவன் ஒரு நாள் நடையில் மகாராஜாவின் போலீஸாரையும் வெள்ளையர் அரசாங்கத்தின் போலீஸாரையும் காண நேர்ந்தது. எல்லைக் கல்லைத் தாண்டினால் தலைப்பாகை மாறும். உத்தரவு எழுதும் மொழி மாறும். காவலர் என்று வந்தவரே கையை ஓங்கினால் யாரிடம் சென்று முறையிடுவது என்ற கேள்வி மட்டும் இருபுறமும் ஒன்றாகவே இருந்தது. அக்கேள்விக்குச் சட்டம் காலந்தோறும் அளித்து வந்த விடைகளையே இவ்வுரையில் ஆராயப் புகுகின்றோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் இம்யூனிட்டி என வழங்குவதைத் தமிழில் பெயர்க்கப் புகுவோர் இடர்ப்படுவது இயல்பு. ‘விலக்குரிமை’ என்றால், சட்டமே இவரைத் தீண்டாது என்று பொருள்படும். நம் நாட்டுப் போலீஸாருக்கு அத்தகைய முழு விலக்கு என்றுமே இருந்ததில்லை. அவர்களுக்கு உள்ளது ஒரு வாசற்கதவு மாத்திரமே. குற்றம் சாட்டுபவர் நீதிமன்றத்தினுள் நுழையுமுன் அரசாங்கம் அக்கதவைத் திறந்துவிட வேண்டும். அந்த இசைவுக்கு ‘முன் அனுமதி’ என்று பெயர். கதவு வேறு, சுவர் வேறு என்பது உண்மைதான். ஆனால் திறவாத கதவுக்கும் சுவருக்கும் உள்ள வேற்றுமையை வெளியே நிற்பவன் அறியமாட்டான். ஆதலால் ‘சட்டக் காப்பு’ என்றே இங்கு வழங்குகின்றோம்.

இவ்வரலாற்றில் தமிழர்க்கு ஒரு தனி இடம் உண்டு. பெருமைப்படத் தக்க இடம் அன்று. 1854 இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளைப் பற்றிய பேச்சு எழுந்தது. அதன் விளைவாக எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் அடங்கிய கமிஷன் ஒன்று சென்னையில் அமர்ந்து விசாரித்து 1855 இல் அறிக்கை அளித்தது. நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்து முறையிட்ட குடிகள் உண்டு. அவ்வறிக்கையின் ஆங்கிலப் பக்கங்களுக்கிடையே ‘கிட்டி’, ‘அண்ணாந்தாள்’ என்னும் தமிழ்ச் சொற்கள் அப்படியே காணப்படுகின்றன. கைவிரல்களை இரு கோல்களுக்கிடையே வைத்து நெரிப்பது கிட்டி. கழுத்தின் மேலும் கால்விரல்களின் கீழும் கயிற்றைச் செலுத்தி ஆளைக் குனிந்தபடியே கட்டி வைப்பது அண்ணாந்தாள். எந்தச் சொல்லும் தனக்கு நிகரான பொருளில்லாத மொழியில் மாற்றமின்றியே புகும் என்பார்கள். இச்சொற்கள் அவ்வகையில் ஆங்கிலத்தில் புகுந்தவை!

கமிஷன் கண்ட பெருங்குறை யாதெனில், வரி தண்டும் சேவகனும் குற்றம் பிடிக்கும் சேவகனும் ஒருவனாகவே இருந்தான் என்பதாகும். வரிப் பாக்கிக்காகவும் அடித்தான். களவை ஒப்புக்கொள்ளவும் அடித்தான். அவனைப் பற்றி முறையிட வேண்டிய இடமோ அவனுடைய மேலதிகாரியின் கச்சேரி. இக்குறையைக் களைய வேண்டி 1859 ஆம் ஆண்டின் 24 ஆம் சட்டத்தினால் சென்னை மாகாணத்தில் வருவாய்த் துறையினின்றும் பிரிந்த தனிப் போலீஸ் படை அமைந்தது. ஏனைய மாகாணங்களுக்கு 1861 ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம் வந்தது.

இங்கேதான் வரலாற்றின் விந்தை தொடங்குகிறது. சித்திரவதையை ஒழிக்கப் பிறந்த அதே சட்டத்துக்குள் போலீஸாருக்கான ஒரு காப்பும் இடம் பெற்றது. அச்சட்டத்தின் கீழ்ச் செய்த செயலுக்காகப் போலீஸார்மீது வழக்குத் தொடர விரும்புவோர் மூன்று மாதங்களுக்குள் தொடர வேண்டும்; தவறினால் வழக்கு நில்லாது. எலும்பு முறிந்தவன் எழுந்து நடமாடவே மூன்று மாதம் ஆகுமே என்று அக்காலத்தில் எவரேனும் கேட்டிருப்பரோ, அறியோம். சென்னைச் சட்டத்தின் இவ்விதி நூறாண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தது. ஆந்திரத்தில் கைதியை அடித்து வதைத்த வழக்கொன்றில் போலீஸார் இவ்விதியையே துணைக் கொண்டனர். உயர் நீதிமன்றமும் அதனை ஏற்றது. 1963 இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. குற்றத்தை விசாரிப்பது சட்டம் பணித்த கடமையே. ஆனால் வாக்குமூலம் பெறும் பொருட்டு ஒருவனை அடிக்குமாறு எந்தச் சட்டமும் பணிக்கவில்லை. ஆதலால் அடித்த செயல் சட்டத்தின் கீழ்ச் செய்த செயலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். மிக எளிய வாதம்! அதைச் சொல்லி நிலைநாட்ட 104 ஆண்டுகள் சென்றன.

இரண்டாவது காப்பு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197 ஆம் பிரிவு. அரசாங்க ஊழியர் தம் கடமையைச் செய்யும்போது, அல்லது செய்வதாகக் கருதி, ஆற்றிய செயல் குற்றமெனக் கூறப்பட்டால், அரசாங்கத்தின் முன் அனுமதி இன்றி நீதிமன்றம் அதனை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளலாகாது என்பது அது. ‘கடமையைச் செய்யும்போது’ என்னும் இரண்டு சொற்களுக்காக நடந்த வழக்குகளை எழுதினால் ஒரு நூலகமே நிறையும். 1948 இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஓர் அளவுகோலைத் தந்தது. ‘ஏன் இதைச் செய்தாய்?’ என்று ஊழியரை மறித்துக் கேட்டால், ‘என் பதவியின் பொருட்டே செய்தேன்’ என்று அவர் நியாயமாகச் சொல்லக் கூடுமானால் காப்பு உண்டு, இல்லையேல் இல்லை. 1955 இல் நம் உச்ச நீதிமன்றமும் செயலுக்கும் கடமைக்கும் தகுந்த தொடர்பு இருத்தல் வேண்டும் என்றே கூறிற்று.

நேயர்கள் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. இப்பிரிவு தொடக்கத்தில் எல்லாப் போலீஸாரையும் காக்கவில்லை. அரசாங்கத்தின் அனுமதியாலன்றி வேலையினின்றும் நீக்க முடியாத உயர்ந்த பதவியினரையே காத்தது. சப் இன்ஸ்பெக்டரையும் கான்ஸ்டேபிளையும் போலீஸ் துறையின் மேலதிகாரியே நீக்கலாம் என்பதால் அவர்களுக்கு இக்காப்பு இல்லை. மைசூர் மாநிலத்துச் சப் இன்ஸ்பெக்டர் ஒருவரின் வழக்கில் 1963 ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. தடியைக் கையில் பிடித்தவனுக்குக் காப்பில்லை. ‘அடி’ என்று உத்தரவிட்டவருக்கு உண்டு. இது நீதியா என்று ஒரு சாதாரணக் கான்ஸ்டேபிள் கேட்டால், அவருக்கு நாம் விடை சொல்வது கடினம்.

கூட்டத்தைக் கலைக்கும்போது சுடுவது வேறொரு வகை. அதற்கு வேறு பிரிவின் கீழ்த் தனிக் காப்பு உண்டு. திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம் இருந்த காலத்தில், அதாவது எருத்தேன்பதியும் நாகர்கோவிலும் ஒரே அரசாங்கத்தின் கீழ் இருந்தபோது, 1954 ஆகஸ்டு 11 ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் சுட்டனர். தமிழ்ப் பகுதிகள் தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டுமென்று கிளர்ந்தவர்கள் உயிரிழந்தனர். முதலமைச்சர் பட்டம் தாணுப் பிள்ளை, பிரஜா சோஷலிஸ்ட் கட்சியினர். அக்கட்சியின் பொதுச் செயலாளராயிருந்த ராம் மனோகர் லோகியா, தம் கட்சியின் அமைச்சரவையே பதவி விலக வேண்டும் என்றார். சட்டத்தின் எந்தப் பிரிவும் அவரை அவ்வாறு கேட்கச் சொல்லவில்லை. அமைச்சரவை விலகவில்லை, கட்சிதான் பின்னர் பிளந்தது.

1974 ஏப்ரல் முதல் தேதி புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலுக்கு வந்தது. 197 ஆம் பிரிவில் ஒரு புதிய உட்பிரிவு சேர்ந்தது. பொது அமைதியைக் காக்கும் படையினருள் எந்த வகுப்பினருக்கு வேண்டுமானாலும் மாநில அரசாங்கம் ஓர் அறிவிக்கையின் மூலம் இக்காப்பை விரித்துக் கொடுக்கலாம் என்பது அது. அதன் கனம் சில ஆண்டுகளில் கேரளத்தில் தெரிந்தது.

1976 பிப்ரவரி 28 ஆம் தேதி. நெருக்கடி நிலை நாடெங்கும் அமலிலிருந்தது. கோழிக்கோடு ஜில்லாவில் கயண்ணா போலீஸ் ஸ்டேஷனை நக்ஸலைட்டுகள் தாக்கினர். மறுநாள் கழிந்து, மார்ச் முதல் தேதி விடியற்காலையில், கோழிக்கோடு மண்டலப் பொறியியற் கல்லூரியின் மாணவர் ராஜனைப் போலீஸார் பிடித்துச் சென்றனர். கக்கயத்தில் மின்சார வாரியத்தின் இடத்தில் குற்றப் பிரிவுப் போலீஸார் முகாம் அமைத்திருந்தனர். அங்கே கனத்த உலக்கையைத் தொடைகளின்மேல் வைத்து உருட்டும் வழக்கம் இருந்தது. அதற்குப் பெயர் ‘உருட்டல்’. 1855 இன் அறிக்கையில் இடம்பெறாத புதிய சொல் இது. ஆனால் அதே அகராதியைச் சேர்ந்தது.

ராஜனின் தந்தை ஈச்சர வாரியர், கோழிக்கோட்டில் அரசாங்கக் கல்லூரியின் ஹிந்திப் பேராசிரியர். மகன் எங்கே என்று அவர் ஏறி இறங்காத படி இல்லை. எழுதாத மனு இல்லை. நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவுக்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றமே 1976 ஏப்ரலில் கூறிவிட்டிருந்தது. 1977 மார்ச்சில் நெருக்கடி நிலை நீங்கியதும் அவர் கேரள உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். ராஜனைக் கைது செய்யவே இல்லை என்று அரசாங்கம் பிரமாணம் செய்தது. நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றியும் காலித்தும் அதை நம்பவில்லை. போலீஸார் பிடித்துச் சென்றது உண்மையென முடிவு செய்து, ராஜனைக் கொணர்ந்து நிறுத்துமாறு ஏப்ரல் 13 ஆம் தேதி உத்தரவிட்டனர். அரசாங்கத்தால் நிறுத்த இயலவில்லை. நெருக்கடி நிலையின்போது உள்துறை அமைச்சராயிருந்து, மார்ச்சில் முதலமைச்சராகியிருந்த கருணாகரன், பதவியேற்ற ஒரே மாதத்தில், ஏப்ரல் 25 அன்று விலகினார். ராஜனின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. மகன் இனி வரமாட்டான் என்னும் உண்மையை அவனுடைய தாயிடம் சொல்ல இயலாமல் தந்தை பல்லாண்டு வாழ்ந்ததை அவரே பின்னர் எழுதினார். 2006 இல் அவரும் மறைந்தார்.

போலீஸ் அதிகாரிகள்மீது வழக்கு நடந்தது. கேரளத்தில் அன்று, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கோயமுத்தூரில். எருத்தேன்பதிக்காரர் சந்தைக்குப் போய்வரும் அதே ஊரில் ஒரு மலையாளத் தந்தையின் வழக்கு தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. குற்றப் பிரிவின் டி.ஐ.ஜி.யாயிருந்த ஜெயராம் படிக்கல் உள்ளிட்டோர் அங்கே தண்டனை பெற்றனர். மேல்முறையீட்டில் விடுதலையும் பெற்றனர். முன் அனுமதி அவ்வழக்கில் தடையாக நிற்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உடலும் இல்லை, முகாமுக்குள் நடந்ததைக் கண்ட வெளியாரும் இல்லை என்னும் நிலையே பெருந்தடையாக நின்றது.

ஆனால் அதே ஆண்டில் நடந்த வேறொன்றை மக்கள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. 1977 டிசம்பர் 6 ஆம் தேதி கேரள அரசாங்கம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பொது அமைதியைக் காக்கும் பணியிலுள்ள கேரளப் போலீஸார் அனைவருக்கும் 197 ஆம் பிரிவின் காப்பு உரியது என்பதே அதன் பொருள். டி.ஐ.ஜி.க்கு இருந்த கதவு இப்பொழுது கான்ஸ்டேபிளுக்கும் கிடைத்தது. நாடே ராஜனைப் பற்றிப் பேசிய ஆண்டில், ஒரு பக்க அளவுள்ள அறிவிக்கையால், எல்லாக் கதவுகளுக்கும் தாழ் போடப்பட்டது. அதன் நோக்கத்தை நாம் ஆராயப் புகவில்லை; காலத்தை மட்டும் சுட்டுகின்றோம். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான், 1977 நவம்பரில், தரம் வீரா தலைமையில் தேசியப் போலீஸ் கமிஷனை மத்திய அரசாங்கம் நியமித்திருந்தது. அக்கமிஷன் 1981 இல் தன் எட்டாம் அறிக்கையில், போலீஸாருக்கு இக்காப்பு வேண்டியதில்லை, நீக்கிவிடலாம் என்று பரிந்துரைத்தது. போலீஸ் துறையைச் சீர்ப்படுத்த அமர்ந்த கமிஷனே சொன்ன சொல் அது. பரிந்துரை ஏட்டிலேயே தங்கிவிட்டது.

காப்பு வேண்டும் என்போர் கூறுவதையும் செவிமடுக்க வேண்டும். கள்ளச் சாராயம் கடத்துபவனைப் பிடித்த கான்ஸ்டேபிள்மீது மறுநாளே பொய் வழக்குப் போட அவனுக்கு வக்கீல் உண்டு. கான்ஸ்டேபிளுக்கோ மாதச் சம்பளம் மட்டுமே உண்டு. பத்துப் பொய் வழக்குகளுக்கு அலைந்தால் பதினோராவது முறை அவர் கண்ணை மூடிக்கொள்வார். இது வெறும் சாக்கு அன்று; எல்லைப்புறச் சோதனைச் சாவடிகளை அறிந்தவர் இதை மறுக்கமாட்டார். ஆயினும் பொய் வழக்கைத் தள்ள நீதிமன்றத்துக்கே வழி உண்டு. வழக்காடும் செலவை அரசாங்கம் ஏற்கட்டும். ஊழியரின்மீது வந்த புகாரை, அவருக்கு உத்தரவிட்ட எசமானே முதலில் எடைபோடுவது எவ்வாறு பொருந்தும் என்பதே நம் ஐயம். தெருவில் கலகக் கூட்டத்தின் நடுவே ஒரு நொடியில் எடுத்த முடிவுக்குக் காப்பு இருக்கலாம். நான்கு சுவருக்குள், கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஓய்வாகச் செய்ததற்குக் காப்பு எதற்கு?

நீதிமன்றங்களும் மெல்ல மெல்ல இந்தக் கோட்டையே கிழித்து வந்துள்ளன. கேரளப் போலீஸ் சட்டத்தின் ஆறு மாதக் கெடுவைக் காட்டித் தப்ப முயன்ற போலீஸாரின் வழக்கு 2000 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கலகம் செய்பவரைக் கலைக்க அடித்தால் அது கடமையோடு தொடர்புடையது. 24 மணி நேரத்துக்கு மேல் சட்ட விரோதமாக லாக்கப்பில் அடைத்து வைத்து அடித்தால் கடமையின் சாயலும் அதில் இல்லை என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது.

கதவு ஒன்றுதானா தடை? மௌனமும் ஒரு காப்பே. 1970 பிப்ரவரி 18 அன்று வயநாட்டுத் திருநெல்லிக் காட்டில் நக்ஸலைட்டுத் தலைவர் வர்கீஸ் போலீஸாரோடு நடந்த மோதலில் இறந்தார் என்று அறிவிக்கப்பட்டது. 28 ஆண்டுகள் கழித்து, 1998 இல், ராமச்சந்திரன் நாயர் என்னும் முன்னாள் கான்ஸ்டேபிள், பிடிபட்டிருந்த வர்கீஸைத் தாமே மேலதிகாரியின் கட்டளைப்படி சுட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். தம்மையும் குற்றவாளியாக்கும் வாக்குமூலம் அது. சி.பி.ஐ. விசாரித்தது. 2010 அக்டோபரில் ஓய்வு பெற்ற ஐ.ஜி. லட்சுமணா ஆயுள் தண்டனை பெற்றார். சுட்டவர் அதற்குள் காலமாகிவிட்டார். நாற்பதாண்டுகள்! ஒரு கான்ஸ்டேபிளின் மனச்சாட்சி வாய் திறந்திராவிட்டால் அதுவும் இல்லை.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இவ்விஷயத்தில் தனி அக்கறை வேண்டும். எந்த மாநிலத்தின் போலீஸார் கை வைத்தார்களோ அந்த மாநிலத்தின் அரசாங்கத்திடமே அனுமதி கேட்க வேண்டும். சென்னையிலிருந்து எவ்வளவு பெரிய சிபாரிசு வந்தாலும் அதற்கு ஈடாகாது. மகாராஷ்டிர அரசாங்கமும் 1979 ஜூன் 2 ஆம் தேதி அறிவிக்கையால் தன் போலீஸாருக்கு இக்காப்பை விரித்தது. 2001 இல் உச்ச நீதிமன்றம் அவ்வறிவிக்கையின் பயனைப் போலீஸாருக்கு வழங்கியது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் உள்ளோர் இதனை அறிந்திருப்பது நலம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரச் சிறப்புப் படையினர் சுட்டதில் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் இருபது பேர் இறந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்பது படையினரின் கூற்று. இறந்தவர்களின் குடும்பத்தார் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்தனர். வழக்கோ அண்டை மாநிலத்தில் நடத்த வேண்டியதாயிற்று.

2024 ஜூலை முதல் தேதி பழைய நடைமுறைச் சட்டம் நீங்கி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அமலுக்கு வந்துள்ளது. 197 ஆம் பிரிவு இப்பொழுது 218 ஆம் பிரிவு. அனுமதி கோரும் மனு கிடைத்த நாளிலிருந்து 120 நாட்களுக்குள் அரசாங்கம் முடிவு செய்ய வேண்டும். செய்யாவிடில் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். ஆண்டுக்கணக்கில் கோப்பு உறங்குவதற்கு இது நல்ல மருந்து. ஆனால் அதே சட்டத்தின் 175 ஆம் பிரிவு, அரசாங்க ஊழியரின் கடமை தொடர்பான புகாரில் மாஜிஸ்டிரேட் விசாரணைக்கு உத்தரவிடுமுன், அவருடைய மேலதிகாரியின் அறிக்கையையும் அவர் சொல்லும் சமாதானத்தையும் பார்க்க வேண்டும் என்கிறது. ஒரு கதவின் தாழ் தளர்ந்தது. அதற்கு முன்னால் ஒரு திண்ணை எழுந்தது.

எருத்தேன்பதிக்காரருக்கோ மொழியும் ஒரு படி. கேரளத்தின் 1969 ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மையினரான தமிழரும் கன்னடரும் அரசாங்கத்துக்குத் தம் மொழியில் எழுதிக்கொள்ள இடமளிக்கிறது. ஆகவே அனுமதி கோரும் மனுவையும் தமிழில் எழுதித் திருவனந்தபுரத்துக்கு அனுப்பலாம். 120 நாள் கணக்கு மனு எழுதிய தேதியிலிருந்து தொடங்குவதில்லை. அரசாங்கத்துக்குக் கிடைத்த தேதியிலிருந்தே தொடங்கும். எந்த மாநிலத்தில் இருப்பவராயினும், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் இட்ட ரசீதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தபாலில் அனுப்பினால், மனு சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் வகையில் அனுப்ப வேண்டும்.